ராணுவ முகாம் ஊராவது எப்படி? உல்லாஸ்நகரை வைத்து ஒரு விளக்கம்

மும்பையிலிருந்து கல்யாண் வழியாகக் கர்ஜத் பக்கம் போகிற லோக்கல் ரயிலில் ஏறினால், சுமார் 58 கிலோமீட்டரில் உல்லாஸ்நகர் வரும். அங்கே வீட்டு விலாசத்தில் தெருப் பெயரைத் தேடினால் பல நேரம் கிடைக்காது. 'பி.கே. நம்பர்' இத்தனை, ரூம் நம்பர் இத்தனை, செக்‌ஷன் இத்தனை, உல்லாஸ்நகர்-4 என்று எண்ணுக்கு மேல் எண்ணாக இருக்கும். பி.கே. என்றால் பாரக், அதாவது சிப்பாய்கள் வரிசையாகப் படுத்துத் தூங்குகிற நீளக் கொட்டகை. கடைசியில் இருக்கிற 4, நான்காம் நம்பர் கேம்ப். ஊர் மொத்தமும் ஒன்று முதல் ஐந்து வரை கேம்புகளாகத்தான் பிரிந்திருக்கிறது, பின்கோடுகூட 421001, 421002 என்று அதே வரிசையில் போகிறது. இரண்டாம் உலகப்போர் முடிந்து 80 ஆண்டுகள் ஆகிவிட்டன. ராணுவம் எப்போதோ போய்விட்டது. கொட்டகைகள் இருந்த இடத்தில் நாலு மாடி, ஐந்து மாடி எழும்பிவிட்டது. ஆனால் கடிதம் இன்னும் பாரக் எண்ணுக்குத்தான் வருகிறது.

இப்படி ஒரு ஊர் எப்படி உண்டாகிறது என்று புரிந்துகொள்ள வேண்டுமானால், முதலில் கன்டோன்மென்ட் வேறு, போர்க்கால முகாம் வேறு என்பதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பரங்கிமலை, குன்னூரை ஒட்டிய வெலிங்டன் மாதிரியானவை கன்டோன்மென்ட்கள். அவற்றுக்குத் தனிச் சட்டம், தனி வாரியம், மரம் வைத்த சாலை, அதிகாரிகளுக்குப் பங்களா, மாதா கோவில், கல்லறைத் தோட்டம் வரைக்கும் உண்டு. அங்கே ராணுவம் குடித்தனம் நடத்துகிறது. போர்க்கால முகாமைக் கட்டுகிறவர்களுக்கு அந்த எண்ணமே கிடையாது. சண்டை நடக்கிற வரைக்கும் தாங்கினால் போதும் என்று கணக்குப் போட்டு, ரயில் பாதையும் தண்ணீரும் இருக்கிற ஒரு சமவெளியைப் பிடித்து, சில மாதங்களில் நூற்றுக்கணக்கான கொட்டகைகளை எழுப்பிவிடுவார்கள். அழகெல்லாம் யாரும் பார்ப்பதில்லை.

இரண்டாம் உலகப்போரில் இந்தியாவுக்கு இந்த மாதிரி இடங்கள் ஏன் இவ்வளவு தேவைப்பட்டன என்பதற்கு ஒரே ஒரு கணக்கு போதும். 1939இல் பிரிட்டிஷ் இந்தியப் படையில் சுமார் 2 லட்சம் பேர் இருந்தார்கள். 1945இல் அது 25 லட்சம். இதற்கு மேல் பிரிட்டனிலிருந்து வந்த படை, அமெரிக்கர்கள், ஆப்பிரிக்கப் படைகள், சீனப் படைகள் வேறு. 1941 டிசம்பரில் ஜப்பான் போரில் குதித்தது, 1942 மே மாதத்துக்குள் பர்மா கைவிட்டுப் போனது. அதுவரை பின்புலமாக இருந்த இந்தியா ஒரே அடியாகப் போர்முனைக்குப் பக்கத்து வீடாகிவிட்டது. இத்தனை ஆட்களும் எங்கேயாவது தூங்க வேண்டும், சாப்பிட வேண்டும், அடுத்த ரயிலுக்குக் காத்திருக்க வேண்டும் இல்லையா?

முகாம்களிலும் வகை உண்டு. பயிற்சி முகாம், போர்க் கைதிகள் முகாம், விமானத் தளத்தை ஒட்டிய முகாம், அப்புறம் டிரான்சிட் கேம்ப். இப்போதைய ஜார்க்கண்டில் இருக்கிற ராம்கரில் முதலில் போர்க் கைதிகளை வைத்திருந்தார்கள். பர்மாவிலிருந்து பின்வாங்கி இந்தியாவுக்குள் வந்துவிட்ட சீனச் சிப்பாய்களுக்கு 1942இலிருந்து அதே இடத்தில் அமெரிக்கர்கள் பயிற்சி கொடுத்தார்கள், ஜெனரல் ஸ்டில்வெல்லின் பொறுப்பில். போபால் பக்கத்து பைராகரில் இத்தாலியக் கைதிகள் இருந்தார்கள். கல்யாணில், அதாவது இன்றைய உல்லாஸ்நகர் இருக்கிற இடத்தில், அமைந்தது டிரான்சிட் கேம்ப். பம்பாய்த் துறைமுகத்தில் இறங்குகிறவன் எந்தப் படைப்பிரிவில் சேர வேண்டும், எந்த ரயிலில் ஏற வேண்டும் என்று உத்தரவு வருகிற வரை தங்குகிற இடம். அங்கே நிலைத்து இருக்க யாரும் வரவில்லை, வருகிற எல்லோரும் போகிறவர்கள்தான். அந்த இடத்தின் பின்கதையை நினைத்தால் இது கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

ஏன் கல்யாண்? ரயில் வரைபடத்தை ஒரு தடவை பார்த்தால் விளங்கிவிடும். பம்பாயில் கிளம்பிய பாதை 1854இலேயே கல்யாணை எட்டிவிட்டது. அங்கேதான் அது இரண்டாகப் பிரிகிறது. ஒன்று வடகிழக்கே தால் காட் மலையேறி இகத்புரி வழியாக வட இந்தியாவுக்கும் கல்கத்தா திசைக்கும் போகும். இன்னொன்று தென்கிழக்கே போர் காட் என்கிற மலைப்பாதை ஏறிப் புனே வழியாகச் சென்னைப் பக்கம் வரும். கப்பலில் வந்து இறங்கிய படையைப் பர்மா எல்லைக்கு அனுப்புவதானாலும் தெற்கே அனுப்புவதானாலும், இந்தப் பிரிவுக்குப் பக்கத்தில் நிறுத்தி வைப்பதுதான் வசதி. துறைமுகத்தின் நெரிசலும் இல்லை, உல்லாஸ் ஆற்றுத் தண்ணீரும் இருக்கிறது. ஊரிலிருந்து ஐந்து கிலோமீட்டர் தள்ளி, 6,000 படைவீரர்களும் அவர்களைச் சார்ந்து 30,000 பேரும் தங்குகிற அளவுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பாரக்குகள் எழுந்தன. இந்த விகிதத்தைக் கவனியுங்கள். துப்பாக்கி தூக்குகிற ஒருவனுக்கு ஐந்து பேர் பின்னால் வேண்டியிருந்தது.

சரி, நிலம் எப்படிக் கிடைத்தது? முகாம்களின் வரலாற்றில் சுவாரசியமான பகுதி இதுதான், ஆனால் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். போர்க்காலத்தில் இந்தியப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருந்தது, 1939இல் வந்தது. அதன் கீழ் போட்ட விதிகளில் 75ஏ என்ற விதி, அரசுக்குத் தேவைப்படும் எந்தச் சொத்தையும் எடுத்துக்கொள்ள அதிகாரம் கொடுத்தது. நிலத்தை எடுப்பதில் இரண்டு வழி உண்டு. ஒன்று கையகப்படுத்துவது: விலை கொடுத்துவிட்டு உரிமையே அரசுக்கு மாறிவிடும். மற்றொன்று தற்காலிகமாக எடுத்துப் பயன்படுத்துவது: நிலம் உங்களுடையதுதான், ஆனால் உழ முடியாது, உள்ளே போக முடியாது, அரசு ஒரு ஈட்டுத்தொகை தரும், தேவை முடிந்ததும் திருப்பித் தரவேண்டும். போர்க்காலத்தில் அவசரத்துக்கு இரண்டாவது வழிதான் சுலபம், நீண்ட விசாரணை எதுவும் வேண்டாம்.

சிக்கல் இந்தத் 'தேவை முடிந்ததும்' என்பதில்தான் இருக்கிறது. போர் 1945இல் முடிந்தது. பாதுகாப்புச் சட்டம் 1946இல் காலாவதியானது. அப்படியானால் எடுத்த நிலத்தையெல்லாம் மறுநாளே திருப்பிக் கொடுக்க வேண்டும் அல்லவா? கொடுக்கவில்லை. எடுத்த நிலங்களை வைத்துக்கொள்ளும் அதிகாரத்தை நீட்டிக்க முதலில் ஒரு அவசரச் சட்டம், பிறகு 1947இல் ஒரு சட்டம், அப்புறம் 1952இல் சொத்துகளை எடுப்பதற்கும் கையகப்படுத்துவதற்கும் என்றே தனியாக இன்னொரு சட்டம். ஒவ்வொன்றும் கொஞ்ச காலத்துக்கு என்றுதான் வந்தது. என்னைக் கேட்டால், போர்க்கால முகாம் ஏன் மறைவதில்லை என்பதற்குப் பாதி விடை இந்தச் சட்டங்களின் பெயர்ப் பட்டியலிலேயே இருக்கிறது. அரசின் கைக்கு வந்த நிலம் சும்மா கிடந்தாலும் அது அரசின் கையில்தான் கிடக்கும்.

மீதிப் பாதி, கூரை. போர் முடிந்ததும் நாடு முழுக்க இரண்டு வகை மிச்சங்கள் கிடந்தன, ஓடுபாதைகளும் முகாம்களும். தமிழ்நாட்டில் நாம் அதிகம் பார்ப்பது முதல் வகை. சோழவரம், உளுந்தூர்பேட்டை, கயத்தாறு, செட்டிநாடு என்று வரிசையாகப் போர்க்கால ஓடுபாதைகள். சோழவரத்தில் பல ஆண்டுகள் கார், பைக் பந்தயம் நடந்தது. மற்ற இடங்களில் நெல்லும் மிளகாயும் காயவைக்கவும் வண்டி ஓட்டிப் பழகவும் பயன்பட்டதோடு சரி. கான்கிரீட் பட்டையில் குடியிருக்க முடியாது. முகாமில் முடியும். ஓடு போட்ட கூரை, குழாயில் தண்ணீர், கழிப்பறை வரிசை, சாலை, பக்கத்தில் ரயில் நிலையம், எல்லாம் தயாராக இருக்கிறது, ஆள்தான் இல்லை. அந்த ஆட்களை வரலாறு சீக்கிரமே கொண்டுவந்து சேர்த்தது.

1947 பிரிவினையில் பஞ்சாபும் வங்காளமும் இரண்டாக வெட்டப்பட்டன. சிந்து மாகாணம் வெட்டப்படவில்லை, முழுதாகப் பாகிஸ்தானுக்குப் போனது. மேற்குப் பஞ்சாபிலிருந்து ஓடிவந்த விவசாயிக்குக் கிழக்குப் பஞ்சாபில் விட்டுப்போனவர்களின் நிலம் கிடைத்தது, சொந்த மொழி பேசுகிற ஊரும் கிடைத்தது. சிந்தி இந்துக்களுக்கு அப்படி ஒரு மறுபாதி இந்தியாவில் இல்லவே இல்லை. முதல் சில மாதங்கள் பலரும் அங்கேயே இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தார்கள். 1948 ஜனவரி 6 அன்று கராச்சியில் நடந்த கலவரம் அந்த நம்பிக்கையை முடித்துவைத்தது. அதற்குப் பிறகு கப்பல் கப்பலாகப் பம்பாய்க்கும் குஜராத்தின் கத்தியவாட் துறைமுகங்களுக்கும் வந்து இறங்கினார்கள். மொத்தத்தில் பத்து லட்சத்துக்கும் மேல் சிந்திகள் சிந்துவை விட்டு வந்தார்கள். பெரும்பாலும் நகரத்து ஆட்கள், வியாபாரிகள், குமாஸ்தாக்கள், வக்கீல்கள். பம்பாய் அரசுக்கோ துறைமுகத்தில் குவிகிற கூட்டத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. காலியாகக் கிடந்த கல்யாண் கேம்பின் நினைவு வந்தது. பம்பாயின் செம்பூர் கேம்பிலும் இதே கதைதான் நடந்தது. கல்யாணுக்கு மட்டும் கிட்டத்தட்ட ஒரு லட்சம் பேர் போய்ச் சேர்ந்தார்கள்.

36,000 பேருக்குக் கட்டிய இடத்தில் ஒரு லட்சம். அதுவும் குடும்பங்கள். ஒரு பாரக் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். நீளமான ஒற்றைக் கூடம், இரண்டு பக்கமும் கட்டில் போடுவதற்காக நடுவில் தடுப்பே இல்லாமல் விட்டிருப்பார்கள். சிப்பாய்க்கு அது போதும், அவன் தனி ஆள், சமையல் அவன் கவலை இல்லை, மெஸ்ஸில் சாப்பாடு வந்துவிடும். அதே கூடத்தில் பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் வந்தால்? சாக்கைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள், புடவையைக் கட்டினார்கள், பிறகுதான் செங்கல் தடுப்பு வந்தது. அடுப்பு வைக்க இடமில்லாததால் தாழ்வாரம் அடுப்படியானது. பொதுக் கழிப்பறை தொலைவில், ஆண்களின் படையை மனதில் வைத்துக் கட்டியது, ராத்திரியில் ஒரு பெண் அங்கே நடந்து போவது எப்படி இருந்திருக்கும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சிந்து மாகாணத்து ஹைதராபாத்தில், கூரையில் காற்றுப்பிடிப்பான் வைத்த மாடி வீட்டில் வாழ்ந்துவிட்டு வந்தவர்களும் அந்த வரிசையில் நின்றார்கள்.

1949 ஆகஸ்ட் 8 அன்று இந்த முகாமை ஒரு நகரியமாக அறிவித்து, ஆற்றின் பெயரை ஒட்டி உல்லாஸ்நகர் என்று பெயர் வைத்து அடிக்கல் நாட்டியவர் அப்போதைய கவர்னர் ஜெனரல், நம்ம ராஜாஜி. தமிழ்நாட்டில் இது பலருக்குத் தெரியாது. காகிதத்தில் முகாம் ஊராக மாறியது அன்றைக்குத்தான். ரயில் நிலையம் 1955இலும் நகராட்சி 1960இலும் வந்தன. ஆனால் ஊர்க்காரர்கள் வாயில் கேம்ப் என்கிற பேச்சு இன்றுவரைக்கும் போகவில்லை.

ஊர் என்றால் பிழைப்பு வேண்டும். அரசு கொடுத்த இலவச ரேஷன் ரொம்ப நாள் நீடிக்கவில்லை. சிந்திகள் அப்பளம், ஊறுகாய், மிட்டாய் செய்து லோக்கல் ரயிலில் கூடையோடு பம்பாய்க்குப் போய் விற்றார்கள். அப்புறம் துணி, பிளாஸ்டிக், மரச்சாமான், ஜீன்ஸ் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. கேம்புக்குள்ளேயே சந்தைகள் முளைத்தன, பக்கத்து ஷஹாடில் ரேயான் ஆலை வந்தது. எந்த வெளிநாட்டுப் பொருளையும் பார்த்து அதே மாதிரி செய்துவிடுவார்கள் என்று பேர் வாங்கியதும் இந்தக் காலத்தில்தான். 'மேட் இன் யு.எஸ்.ஏ.' என்று அச்சடித்துவிட்டு, கேட்டால் உல்லாஸ்நகர் சிந்தி அசோசியேஷன் என்று விளக்கம் சொல்வார்களாம். கேட்டுச் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் ஜீன்ஸ் சாயம் வெளுக்கிற பட்டறைகளின் கழிவு வால்துனி ஆற்றை என்ன செய்தது என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும்.

இனி வீட்டு உரிமை. பாரக்கில் இருந்த அகதிகள் எத்தனை காலம் அரசின் விருந்தாளியாக இருப்பது? 1954இல் இடம்பெயர்ந்தோருக்கான இழப்பீடு மற்றும் மறுவாழ்வுச் சட்டம் வந்தது. அதன் யோசனை இதுதான்: பாகிஸ்தானில் விட்டு வந்த சொத்துக்கு நீங்கள் கோரிக்கை வைத்திருப்பீர்கள். இந்தியாவில் அரசின் கையில் இருக்கிற சொத்துகளை ஒரு பொதுத் தொகுப்பாகச் சேர்ப்பார்கள். அதிலிருந்து உங்கள் கோரிக்கைக்கு ஈடாக ஒன்றைத் தருவார்கள். முகாம் அறைகளும் இப்படிக் கைமாறின. அதாவது போர்க்காலச் சிப்பாய் படுத்த இடத்தில் ஒரு துண்டு, கராச்சியில் போன வீட்டுக்குப் பதிலாக ஒருவர் பெயருக்கு எழுதப்பட்டது.

எழுதப்பட்டது அறைக்கும் அதை ஒட்டிய துண்டு இடத்துக்கும். ஆனால் இரண்டு பாரக்குகளுக்கு நடுவே ராணுவம் தாராளமாக விட்டிருந்த வெற்றிடம் யாருடையது? குடும்பம் பெருகியது, முன்னால் ஒரு அறை இழுத்தார்கள், பக்கத்து வீட்டுக்காரரும் இழுத்தார், பிறகு இருவரும் மேலே ஏறினார்கள். சுமார் 13 சதுர கிலோமீட்டருக்குள் பல லட்சம் பேர் வாழ்கிற ஊர், அகலத்துக்கு வழியில்லை. அனுமதியில்லாத கட்டிடங்கள் பெருகி, 2000களில் விவகாரம் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போய், 855 கட்டிடங்களை இடிக்க வேண்டும் என்ற நிலைமை வந்தது. அத்தனை குடும்பங்களைத் தெருவில் நிறுத்த எந்த அரசியல்வாதி துணிவார்? இந்த ஊருக்கென்றே தனியாக ஒரு முறைப்படுத்தும் சட்டத்தை 2006இல் மகாராஷ்டிரம் கொண்டுவந்தது. சட்டம் பட்டாவைச் சரிசெய்யலாம், தளத்துக் கம்பியைச் சரிசெய்யாது. 2021 மே மாதத்தில், இரண்டு வாரத்துக்குள் இரண்டு கட்டிடங்களில் மேல்தளம் இடிந்து மக்கள் செத்தார்கள்.

எல்லாப் போர்க்கால முகாமும் இப்படித்தான் முடிந்தது என்று நினைத்துவிட வேண்டாம். ராம்கர் ராணுவத்தின் கையிலேயே தங்கிவிட்டது, இப்போதும் அங்கே படைப்பிரிவு மையங்கள் இருக்கின்றன. பைராகர் உல்லாஸ்நகரின் தம்பி மாதிரி, கைதிகள் போனதும் சிந்திகள் வந்தார்கள், இன்று அது போபாலின் பெரிய வியாபாரப் பகுதி. மேற்கு வங்கத்தில் ராணாகாட் பக்கத்து கூப்பர்ஸ் கேம்பில் கிழக்கு வங்காளத்து அகதிகள் தங்கினார்கள், பெயரிலேயே கேம்ப் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதே மாநிலத்தில் அமெரிக்கர்களின் போர்க்காலத் தளம் இருந்த இடத்தில் முதலமைச்சர் பிதான் சந்திர ராய் கல்யாணி என்ற புது நகரத்தைத் திட்டமிட்டார்.

திட்டம் என்றதும் குஜராத்தில் இருக்கிற காந்திதாமையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது உல்லாஸ்நகருக்கு நேர் எதிர். அங்கே பழைய முகாம் இல்லை. கட்ச் மன்னரான மகாராவ் கொடுத்த சுமார் 15,000 ஏக்கர் நிலத்தில், பாய் பிரதாப் என்ற சிந்தி வியாபாரி முன்னின்று, சிந்து மறுகுடியேற்றக் கழகம் என்ற அமைப்பை வைத்துச் சாலை எங்கே, கடை எங்கே, துறைமுகத்துக்கு எவ்வளவு தூரம் என்று வரைபடம் போட்டுத் தொடங்கினார்கள். இரண்டு ஊரும் ஒரே மக்கள், ஒரே காலம். ஒன்றில் ஊரின் வடிவத்தைக் குடியேறப் போகிறவர்கள் முடிவு செய்தார்கள், மற்றொன்றில் படைக்குக் கட்டிக்கொடுத்த ராணுவப் பொறியாளர் ஏற்கனவே முடிவு செய்துவிட்டிருந்தார். உல்லாஸ்நகரில் தெருக்கள் நேர்கோடாக இருக்கும், வீடுகள் மட்டும் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கிடக்கும்.

பழைய முகாம் இருந்த ஊரை அடையாளம் காண்பது பெரிய வித்தை இல்லை. பெயருக்குப் பதில் எண்கள், ஒரே நீளத்தில் திரும்பத் திரும்ப வருகிற பழைய கட்டிடங்கள், கிராமத்துக்குச் சம்பந்தமில்லாத அகலத்தில் ஒரு நேர்ச்சாலை, காரணமில்லாமல் பெரிதாக ஒரு மைதானம், அருகிலேயே ரயில். இந்த ஐந்தில் மூன்று சேர்ந்து இருந்தால் ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் 'இங்கே வெள்ளைக்காரன் பட்டாளம் இருந்ததா' என்று கேட்டுப் பாருங்கள்.

கேட்கும்போது இன்னொன்றையும் கேளுங்கள்: பட்டாளத்துக்கு முன்னால் அந்த நிலத்தில் யார் உழுதுகொண்டிருந்தார்கள்? முகாம்களின் வரலாற்றை எழுதும்போது சிப்பாயும் அகதியும் வருவார்கள், இந்த மூன்றாமவர் வரமாட்டார். உல்லாஸ்நகரிலிருந்து கொஞ்ச தூரத்தில், ஹாஜி மலங் போகிற சாலையில் நேவாளி இருக்கிறது. போர்க்காலத்தில் விமான ஓடுபாதைக்காகச் சுற்றுவட்டாரக் கிராமங்களின் சுமார் 1,600 ஏக்கரை பிரிட்டிஷ் அரசு எடுத்தது. போர் முடிந்ததும் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள் என்பது விவசாயிகளின் வாதம். அங்கே அகதிகளை யாரும் கொண்டுபோய் விடவில்லை. நிலம் பாதுகாப்புத் துறையிடமே இருந்தது, பிறகு கடற்படையிடம் போனது, விவசாயிகள் பாட்டுக்கு அதில் பயிர் வைத்துக்கொண்டிருந்தார்கள். கடற்படை சுற்றுச்சுவர் எழுப்ப ஆரம்பித்ததும், 2017 ஜூனில் அவர்கள் சாலையை மறித்தார்கள். போலீஸ் வண்டிகள் எரிந்தன, போலீஸ் பெல்லட் துப்பாக்கியால் சுட்டது, இரண்டு பக்கமும் காயம்பட்டார்கள். 1940களில் 'போர் முடிகிற வரைக்கும்' என்று எடுத்த நிலத்துக்கு, எடுத்த தலைமுறையும் கொடுத்த தலைமுறையும் போன பிறகு, பேரன்கள் வழக்கு நடத்திக்கொண்டிருக்கிறார்கள்.